முள்ளோடையில் பெட்டி திறக்கப்பட்டது

விடிகாலை ஐந்தரை. மஞ்சக்குப்பம்.
பள்ளிக்கூடத்தின் இரண்டாம் வகுப்பறை.
குட்டி பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து
கை நீட்டக் காத்திருக்கிறார்கள் பெரியவர்கள்.
கரும்பலகையில் அழியாமல் ஏழாம் வாய்ப்பாடு.

"வெறும் வயிறுதானே?"
"வெறும் வயிறுதாம்மா. ஒரே ஒரு டீ."
இந்த ஊரில் டீ கணக்கில் வராது.
பதினோரு பேரைத் திருப்பி அனுப்பினேன்.

பாடலீசன் டீயும் குடிக்காமல் வந்தவர்.
ஐம்பத்திரண்டு வயது, மின்வாரியத்தில் கணக்கு.
கூடவே விருத்தாம்பாள்.
ஸ்கேன் தாளைக் களவுக் கடிதம்போல
நான்காய் மடித்து வைத்திருந்தாள்.
கொழுப்புக் கல்லீரல், இரண்டாம் நிலை.
"தொட்டதே இல்லைங்கறார்.
அப்ப இது யார் வீட்டு ஈரல்?"

அவர் பேசவில்லை.
நரம்பு மட்டும் உடனே எழுந்து வந்தது,
பெயர் சொன்னதும் ஓடிவரும் பிள்ளையாக.
பஞ்சால் துடைத்தேன். குத்தினேன்.
ஊதா மூடிக் குழாய், எண் நானூற்றுப் பதினேழு.

பெட்டியை மடியில் வைத்துப் பேருந்தில் வந்தேன்.
கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம்,
இரு பக்கமும் மதுக்கடைப் பலகைகள்.
பனிக்கட்டிக்குள்
வெறும் வயிற்றோடு இருபத்தொன்பது பேர்.

*

கருவிக்குச் சொற்கள் தெரியாது.
குன்று குன்றாக வரையும்.
வேலின், லூசின், ஐசோலூசின்
மூன்றும் தோளில் கைபோட்டு உயரத்தில்.
டைரோசினும் அவற்றோடு.
கிளைசின் மட்டும் பள்ளத்தில்,
பந்திக்கெல்லாம் பரிமாறிவிட்டு
இலை கிடைக்காமல் போனவன்.

கல்லீரல் என்று பேர்தான்.
உள்ளே வெண்ணெய் ஏறிக்கொண்டிருக்கும்;
வலிக்காது, முனகாது.
ஈரக்குலை நடுங்குகிறது என்கிறோமே,
அது நடுங்கியதே இல்லை.
தனக்கு நடப்பதை
ரத்தத்தில் பொடி எழுத்தில் எழுதி அனுப்பும்.
அதைப் படிக்கத்தான் எனக்குச் சம்பளம்,
ஒப்பந்த அடிப்படையில், பதினோரு மாதம்.

படித்தாலும் முழுசாய்ப் புரிவதில்லை.
இவை சேர்ந்து நடக்கின்றன,
அதுவரைதான் சொல்ல முடியும்.
யார் யாரை இழுத்துப் போகிறார்கள் என்று
பின்னாலிருந்து பார்த்தால் தெரியாது.
பாடலீசனும் விருத்தாம்பாளும்
பள்ளி வாசலைத் தாண்டிப் போனதும் அப்படித்தான்.

*

வேறொரு கருவியில், தாளின் ஓரத்தில்,
எண் நானூற்றுப் பதினேழில்
எறும்புப் புற்று அளவுக்கு ஒரு மேடு.
எத்தனால்.

தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி பார்த்தேன்.
பொய் சொன்னாரா?
இல்லை, அவர் குடலுக்குள்
கண்ணுக்குத் தெரியாத யாரோ
இட்லியையும் சர்க்கரையையும் ஊறப்போட்டு
உரிமம் இல்லாமல் காய்ச்சுகிறார்களா?
அப்படியும் உண்டு என்கிறார்கள்.
இல்லை, அது என் பஞ்சா?
காயும்வரை காத்திருந்தேனா?
இருபத்தொன்பதாவது கை அது.
வாசலில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

அட்டவணையில் அந்தக் கட்டத்தை
வெறுமையாக விட்டேன்.
ஒரு ஆளின் நாணயம் அதற்குள் இருந்தது.

*

மறுநாள் இருட்டோடு கடலூர்ப் பேருந்து.
முள்ளோடையில் ஏறினார்கள், பைகளை மோந்தபடி.
"பெட்டில என்ன?"
திறந்தேன். பஞ்சு, ஊசி, காலிக் குழாய்கள்.
அவர் மூக்கு நின்றது.
"ஸ்பிரிட் வாசனை வருதே. குடிக்கறதா?"
"துடைக்கறது சார்."

சிரிக்காமல் இறங்கிப் போனார்.
பின் சீட்டில் ஒரு பையன்
இடுப்பைத் தடவிப் பார்த்துவிட்டு மூச்சு விட்டான்.

பெண்ணையாற்றுப் பாலத்தில் வெளிச்சம்.
கைப்பையில் தனியாக ஒரு பொட்டலம்:
சோப்புத் தண்ணீர், காய்ச்சிய நீர், புதுப் பஞ்சு.
நேற்று ராத்திரியே போன் செய்திருந்தேன்.
எடுத்தது விருத்தாம்பாள்.
"நாளைக்கு மறுபடியும் வரச் சொல்லுங்க.
வெறும் வயித்தோட."
"ஏன், என்ன தெரிஞ்சுது?"
"அவர்மேல தப்பா, என்மேல தப்பான்னு
தெரியலைம்மா."

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை.
பிறகு ஃபோனை மூடாமலே
உள்பக்கம் திரும்பிச் சொன்னாள்:
"ஏங்க,
தோசை ஊத்தவா? எட்டு மணிக்குள்ள சாப்பிட்டுடணும்."